சங்கு ஊதும் வரை

"ரேடியோவ நிறுத்துங்கண்ணி, காது—"

"கைய எடு. நான் கேட்டுட்டிருக்கேன்."

"நீங்க எங்க கேக்குறீங்க? அது ஒரு பக்கம் கத்துது, நீங்க ஒரு பக்கம்—"

"நான் கத்தல. அவர்கிட்ட பேசிட்டிருக்கேன். பேச்சுக் குடுத்துட்டே இருக்கணும்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

"பேச்சுக் குடுக்கத்தான் சொன்னாரு. மூச்சு விடாம குடுக்கச் சொன்னாரா?"

"காலங்காத்தால பார்லரைப் போட்டுட்டு இங்க வந்து யாருக்கு வக்காலத்து வாங்குற நீ?"

"அண்ணனுக்கு. அவருதான் கூப்பிட்டாரு."

ரேடியோவின் திருகில் வைத்த அண்ணியின் கை அப்படியே நின்றது.

"யாரு கூப்பிட்டா?"

"அண்ணன். போன் பண்ணாரு."

"வாயத் தொறந்து தண்ணின்னு கேக்க முடியாதவரு உன்கிட்ட போன்ல என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. எடுத்து அலோ அலோன்னேன். மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு. பின்னாடி இந்த ரேடியோ. அதுக்கும் மேல உங்க குரல். 'அந்தச் சட்டை வேணாம், இந்தச் சட்டை போடுங்க, ஜன்னல மூடவா, தொறக்கவா, வெளிச்சம் கண்ணுல அடிக்குதா'ன்னு. இதுக்கு மேல அவரு என்ன சொல்லணும்? பாதி முடி வெட்டுனவளை நாற்காலியிலயே உக்கார வச்சிட்டு ஓடி வந்திருக்கேன்."

"பாதித் தலையோடவா?"

"பாதித் தலையோடதான். ஒரு பக்கம் தோள் வரைக்கும், ஒரு பக்கம் காது வரைக்கும். கண்ணாடியப் பாத்து அழாம இருந்தா சரி."

இருவருக்கும் நடுவில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார் ஏலக்காரர். சந்தையில் ஒரே மூட்டைக்கு இரண்டு வியாபாரிகள் விட்டுக்கொடுக்காமல் விலையேற்றும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. இந்தப் பக்கம் தன் தங்கை, அந்தப் பக்கம் தன் மனைவி. வலது கை மட்டும் எதிலும் சேராமல் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. இடது கைக்குக் கீழே, மறைக்க நினைத்து மறைக்காமல் விட்டதுபோல, கைப்பேசி.

"நான் இங்கதான நின்னேன். எப்பங்க பண்ணீங்க?" என்று கணவரைக் கேட்டாள்.

அவர் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். அவள் பால் பார்க்கப் போன நேரம்.

"பாத்தியா, திருட்டு வேலை."

"வேற வழி? நீங்க விட்டாத்தானே." நாத்தனார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, ஞாயித்துக்கிழமைன்னா முனிசிபாலிட்டி மதியச் சங்கு ஊதுற வரைக்கும் இந்த வீட்டுல ஈ கூட சத்தம் போடாது. நானே எத்தனை தடவை வாசல்ல நின்னு சைகையில பேசிட்டுப் போயிருக்கேன்."

"அது அப்போ."

"இப்போ என்ன?"

"இப்போ அவருக்கு உடம்பு சரியில்ல."

"அதனாலதான் சொல்றேன். வாரம் பூரா நாங்க எல்லாரும் பேசுறோம். அவரு ஒருத்தரு மட்டும் பேசாம உக்காந்திருக்காரு. ஒரு காலைப் பொழுதாவது எல்லாரும் வாய மூடுனா அவரும் எல்லாரையும் மாதிரி ஆயிடுவாருல்ல? ரெண்டு பேருமே பேசாம இருக்கிற வீட்டுல, எவரு பேச முடியாதவருன்னு யாருக்குத் தெரியும்?"

ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார். ஏலக்காரர் தங்கையைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியாதுடி," என்றாள் அவள்.

"என்ன தெரியாது?"

"ஒண்ணுமில்ல."

"எனக்குத் தெரியும். அன்னைக்கு நடந்தது மனசுல நிக்குது. பின்னாடி துணி துவைச்சிட்டிருந்த மனுஷிக்கு முன்னாடி நடக்கிறது எப்படித் தெரியும்? உங்க மேல என்ன தப்பு? அதுக்காக ஞாயித்துக்கிழமையையே விரட்டாதீங்க. பாவம், அது என்ன பண்ணுச்சு?"

நாத்தனார் எழுந்தாள். போகிற போக்கில் ரேடியோவைத் திருகி நிறுத்தினாள். அண்ணனின் தலைமுடியை ஒருமுறை கலைத்துவிட்டாள்.

"அடுத்த வாரம். சரியா? சும்மா ஒரு வாரம் இருந்து பாருங்க."

"போ, போ. அந்தப் பாதித் தலை எழுந்து ஓடிடப் போகுது."

கதவு சாத்திக்கொண்டது. வீடு அமைதியானது. சமையலறைக் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. அவள் நாத்தனாரின் செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டும் வரைகூடப் பொறுக்கவில்லை. ரேடியோவை மறுபடி போட்டாள்.

*

அந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு கிழமை. நாத்தனாருக்குச் செவ்வாய், பார்லருக்கு அன்றுதான் விடுமுறை, வெயில் கட்டிலுக்கு வந்து காலைச் சுடும்வரை தூங்குவாள். வெளியூரில் இருக்கும் மகளுக்குச் சனிக்கிழமை. இவர்கள் இருவருக்கும் ஞாயிறு.

இருவரும் வாயால் பிழைத்தவர்கள். அவர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூறுகிறவர். விடிவதற்கு முன்னால் ஆரம்பித்தால் மூட்டைகள் தீரும்வரை அவர் குரல்தான் சந்தைக்குக் கூரை. அவள் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். ஓட்டுநர் முதல் பெட்டி தூக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவள் விசாரணையம்மா. எந்த மேடை, எப்போது வரும், ஏன் வரவில்லை, வருமா வராதா. பேருந்தை அவளே வீட்டில் ஒளித்து வைத்திருப்பதுபோலக் கேட்பார்கள்.

ஒரு சமயம் ஏலக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு விடவேயில்லை. வாரத்தில் ஒரு நாள் தொண்டைக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் குரலே போய்விடும் என்றார் மருத்துவர்.

"ஒரு நாள் முழுக்கவா? என்னால முடியாது," என்று வீட்டுக்கு வந்து புலம்பினார்.

"பாதி நாள் இருங்க. மதியச் சங்கு ஊதுற வரைக்கும்."

"நீ ஏதாவது கேப்ப. நான் பதில் சொல்லுவேன்."

"நான் கேக்க மாட்டேன். நானும் வாய மூடிக்கிறேன், போதுமா?"

முதல் ஞாயிறு அவருக்கு அவஸ்தையாக இருந்தது. அவளுக்கோ கண்ணில் நீர் வந்துவிட்டது. யாரும் எதுவும் கேட்காத ஒரு காலை எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. தொண்டை சரியான பிறகும் அந்த வழக்கத்தை அவர்கள் விடவில்லை. நாளாக நாளாக அது விளையாட்டாகவும் ஆனது. சங்குக்கு முன் முதலில் வாய் திறக்கிறவர் அன்று முழுக்கப் பாத்திரம் கழுவ வேண்டும். ஜெயித்தவர் ஒன்றும் சொல்லமாட்டார். தோற்றவரின் கோப்பையை எடுத்து அவர் முன்னால் கவிழ்த்து வைப்பார். அவ்வளவுதான் தீர்ப்பு.

ஒரு தடவை சூடான பாத்திரப் பிடியைத் தொட்டு அவள் "ஐயோ" என்றுவிட்டாள். அவர் கோப்பையைக் கவிழ்த்தார். சங்கு ஊதியதும் ஆரம்பித்தது சண்டை.

"ஐயோங்கிறது பேச்சா?"

"பேச்சு இல்லாம பின்ன என்ன, பாட்டா?"

"கை சுட்டா மாடு கூட கத்தும்."

"மாடு ஐயோன்னு கத்தாது."

சாயங்காலம் வரை நடந்த வழக்கில், சிரிப்புக்கும் இருமலுக்கும் தும்மலுக்கும் மன்னிப்பு உண்டு, ஐயோவுக்குக் கிடையாது என்று முடிவானது.

சிரிப்புக்கு மன்னிப்பு கிடைத்ததும் அவர் அதையே பிடித்துக்கொண்டார். சிரிக்க வைத்தால் கூடவே ஒரு வார்த்தையும் தவறி வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அவருக்கு முகம் ரப்பர். அதிலும் ஒன்று இருந்தது, ஏலத்தில் தோற்ற வியாபாரி முகம். ஒரு பக்கம் வாய் கீழே இழுத்துக்கொள்ளும், ஒரு கண் பாதி மூடிக்கொள்ளும், கன்னம் தொங்கும். சமையலறை வாசலில் வந்து சத்தமில்லாமல் அந்த முகத்தோடு நிற்பார். அவள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு முதுகைத் திருப்பிக்கொள்வாள். முதுகைத் திருப்பிக்கொள்வது ஒன்றுதான் அந்த முகத்திடமிருந்து தப்பிக்க வழி.

*

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் வாய் கீழே இழுத்திருந்தது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. அவள் கழுவிய கோப்பையோடு திரும்பினாள், பார்த்தாள், சிரித்தாள்.

அவர் வாயைத் திறந்தார். "ஆ" என்று ஏதோ வந்தது.

இன்றைக்குச் சத்தமும் சேர்த்திருக்கிறாரா, இது அழுகுணி ஆட்டம் என்று அவள் விரலை ஆட்டினாள். முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவர் நிலையைத் தட்டினார். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. சிரிப்பு பொத்துக்கொண்டு வார்த்தையாகிவிடப் போகிறதே என்று அவள் குழாயை முழுதாகத் திருப்பிவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவர் தட்டுவது கேட்காமல் போனது.

திரும்பியபோது வாசலில் ஆள் இல்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தாள். ஜெயித்த மிதப்பில் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். போகும்போது முன்னறை நாற்காலியில் அவர் முதுகு தெரிந்தது. மடியில் செய்தித்தாள். வேண்டுமென்றே நிதானமாகத் துவைத்தாள். அலசிய துணியை இன்னொரு தடவை அலசினாள். சங்கு ஊதியது. ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"ஊதியாச்சு! பேசலாம்! வியாபாரி முகமெல்லாம் இனி என்கிட்ட பலிக்காதுங்க!"

அவர் திரும்பவில்லை. அவள் முன்னால் வந்து பார்த்தாள். சட்டை ஈரமாக இருந்தது. கண் திறந்துதான் இருந்தது.

"எப்ப ஆரம்பிச்சது?" என்று ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்டார்.

"தெரியல. நான் பின்னாடி துணி துவைச்சிட்டிருந்தேன்."

"காலையில நல்லாப் பேசினாரா?"

"ஞாயித்துக்கிழமை நாங்க பேச மாட்டோம்."

மருத்துவரும் நர்ஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வீட்டுல சண்டையாம்மா?"

"இல்ல சார். வழக்கம்."

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு. ஆரம்பிச்ச உடனே கொண்டு வந்திருந்தா கரைக்க ஒரு ஊசி இருக்கு. இப்ப நேரம் தாண்டியிருக்கும்போல." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, "நீங்க என்ன பண்ணுவீங்க, நீங்க பாக்கலையே" என்றார்.

பார்க்கவில்லையே என்று அவரே சொல்லிவிட்டார். அதை அவள் மறுக்கவில்லை. துணி துவைத்தது பொய்யில்லை. துவைப்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. நாத்தனார் கட்டிக்கொண்டு அழுதாள்: "உங்களுக்கு எப்படிண்ணி தெரியும்." மகள் ஊரிலிருந்து வந்து சொன்னாள்: "உனக்கு எப்படிம்மா தெரியும்." சந்தையிலிருந்து வந்தவர்கள், பேருந்து நிலையத்திலிருந்து வந்தவர்கள், எல்லாரும் அதையே சொன்னார்கள். ஆளாளுக்கு அவளைத் தட்டிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு தட்டும் நிலையில் தட்டிய தட்டுபோல இருந்தது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவள் ரேடியோவைப் போட்டுவிடுவாள்.

*

புதன்கிழமை பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் வந்தாள். சின்னப் பெண். எதற்கும் அசராத குரல். பக்கவாதம் வந்து படுத்த முதல் நாளில் உங்கள் பெயர் என்ன என்று நர்ஸ் கேட்டதற்கு ஏலக்காரர் "ரெண்டு தரம்" என்று சொன்னதைக் கேட்டு, பயப்படாமல் கைதட்டிய ஒரே ஆள் அவள்தான். வாழ்நாள் முழுக்கச் சொன்னது உள்ளே தனியாக எங்கோ பத்திரமாக இருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் மற்றதும் கூட வரும் என்பாள்.

"ஐயா, இன்னைக்குக் கிழமை சொல்லுவோமா? வரிசையா. அவசரமே இல்ல. திங்கள்..."

"தி... திங்கள்."

"அடுத்து?"

"செ... வ்வா."

"சபாஷ். செவ்வாயோட 'ய்' எங்க போச்சு? சரி, அது அப்புறம் வரட்டும்."

புதன் வந்தது. வியாழன் வழியில் ஒருமுறை விழுந்து எழுந்து வந்தது. வெள்ளி வந்தது. சனி சுத்தமாக வந்தது. அதோடு நின்றார்.

"சனிக்கு அப்புறம்?"

உதடுகளை மூடிக்கொண்டார்.

"ஞா..." என்று எடுத்துக் கொடுத்தாள் பெண். "ஞாயி..."

அவர் தலையை ஆட்டினார். இடது கையைத் தூக்கி, ஒரு விரலை உதட்டின் மேல் வைத்தார். வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

சுவரோரம் நின்ற அவள் முன்னால் வந்தாள்.

"விட்டுடும்மா. களைச்சிட்டாரு."

"களைச்ச மாதிரி தெரியலையே. போன வாரமும் இங்கதான் நின்னாரு. வரிசையா வர்றது தானா வரணும், நடுவுல நிக்காது. ஏன் ஐயா, ஞாயித்துக்கிழமை மேல என்ன கோவம்? சரி, இதச் சொல்லுங்க. உங்களுக்கு எந்தக் கிழமை பிடிக்கும்?"

"அவருக்கு எல்லாக் கிழமையும் ஒண்ணுதான்," என்றாள் மனைவி.

மேசை அதிர்ந்தது. இடது கையால் அறைந்திருந்தார். ஊன்றுகோலை எடுத்தார். வேண்டாம் வேண்டாம் என்று அவள் ஓடி வருவதற்குள் எழுந்து, காலை இழுத்து இழுத்துச் சுவர்க் காலண்டர் வரை போனார். சிவப்பு எண்கள் நிற்கும் வரிசையின் மேல் விரலை வைத்தார். மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு அதே விரலை மறுபடி உதட்டில் வைத்தார்.

"அட, பிடிச்ச நாளே ஞாயிறுதானா!" பெண் சிரித்துவிட்டாள். "அம்மா, இவரு சொல்லத் தெரியாம இல்ல. சொல்ல மாட்டேங்கிறாரு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. நல்ல சகுனம்."

பெண்ணை வழியனுப்ப வாசல் வரை வந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பேச்சு முழுசா வந்துடுமாம்மா?"

"முழுசான்னு சொல்ல முடியாது. நல்லா வரும். வார்த்தை ஒவ்வொண்ணா வந்து சேரும். நீங்க பொறுமையா இருக்கணும்."

"வந்துச்சுன்னா, அன்னைக்கு நடந்ததெல்லாம் சொல்லுவாரா? அதாவது, ஞாபகம் இருக்குமா?"

"சிலருக்கு இருக்கும். சிலருக்கு அந்த நாளே அழிஞ்சு போயிடும். ஏன் கேக்குறீங்க?"

"சும்மா."

விசாரணை ஜன்னலுக்கு வருகிறவர்கள் இப்படித்தான். கேட்க வந்ததை இரண்டாவதாகத்தான் கேட்பார்கள். முதல் கேள்விக்குச் சொன்ன பதில் அவர்கள் காதில் ஏறாது. அவளுக்கும் ஏறவில்லை. நல்லா வரும் என்று அந்தப் பெண் சொன்னது, தெருவில் அவள் தலை மறைந்த பிறகுதான் உறைத்தது. உறைத்தபோது சந்தோஷம் வரவில்லை. பயம்தான் முதலில் வந்தது. புருஷனுக்குப் பேச்சு வரப்போகிறது என்றால் எந்தப் பெண்டாட்டிக்காவது பயம் வருமா? அவள் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே நின்றாள்.

உள்ளேயிருந்து அவர் எதையோ முயன்றுகொண்டிருந்தார்.

"க... க..."

"என்னங்க?"

"கத... வு."

அவள் உள்ளே ஓடி வந்தாள். "எந்தக் கதவு? சமையல்கட்டு வாசலையா சொல்றீங்க?"

அவர் அவளை வியப்பாகப் பார்த்தார். ஊன்றுகோலால் பின்கதவைக் காட்டினார். காற்றில் அது அடித்துக்கொண்டிருந்தது.

*

சனிக்கிழமை நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"நாளைக்குக் காலையில கொஞ்சம் வரியா?"

"ஞாயித்துக்கிழமை எனக்கு மூச்சு விட நேரமிருக்காதுண்ணி. போன வாரப் பாதித் தலையே தெருவெல்லாம் என் மானத்த வாங்கிட்டா. ஏன், அண்ணனுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. தனியா இருக்க ஒரு மாதிரி இருக்கு."

"அண்ணன் இருக்காருல்ல?"

"அதான்."

"என்ன அதான்? ரேடியோ போட மாட்டேன்னு ஒத்துக்கிட்டீங்க, ஞாபகம் இருக்கட்டும்."

"நான் எங்க ஒத்துக்கிட்டேன்? நீயா சொல்லிட்டுப் போன." பிறகு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "இங்க பாரு, அன்னைக்கு நான் துணி துவைக்கப் போனது அப்புறம்தான். அதுக்கு முன்னாடி அவரு என்கிட்ட வந்தாரு."

"என்னது? சத்தமாச் சொல்லுங்க, இங்க டிரையர் ஓடுது. யாரு வந்தா?"

ஒருமுறை சொன்னதை இன்னொருமுறை, அதுவும் சத்தமாகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"யாரும் வரல. வேலையப் பாரு."

*

ஞாயிற்றுக்கிழமை அவள் ரேடியோவைத் தொடவில்லை.

அவளுக்கு முன்பே எழுந்து மேசையில் உட்கார்ந்திருந்தார் ஏலக்காரர். இரண்டு கோப்பைகளை இடது கையால் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்திருந்தார். அவளுடையது அவளிடத்தில், அவருடையது அவரிடத்தில். நல்ல சட்டை போட்டிருந்தார், ஒரு பொத்தான் மாறி. அவள் உள்ளே வந்ததும் அவர் கண் ரேடியோவுக்குப் போனது, அவளுக்கு வந்தது. அவள் டீயை ஊற்றினாள். ஒன்றும் சொல்லவில்லை. அவர் தோள் தளர்ந்து இறங்கியதை அவள் பார்த்தாள். எத்தனையோ வாரமாகத் தூக்கியபடியே இருந்த தோள்.

குடித்தார்கள். பக்கத்து வீட்டில் யாரோ வாளியை வைத்தார்கள். தெருவில் ஒரு சைக்கிள் போனது. இந்த மேசையில் இப்போது யாருக்கும் உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியாது. பேசாமல் டீ குடிக்கும் ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. பொத்தானை அவள் சரிசெய்யக் கை நீட்டியபோது, அவர் தடுத்துவிட்டு மாறிய பொத்தானையே தட்டிக் காட்டினார். சிரிக்கிறாயா என்பதுபோலப் பார்த்தார். ஓ, வேண்டுமென்றே போட்டதா அது! அவளுக்கு உதடு துடித்தது. எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

தன் கோப்பையைக் கழுவினாள். குழாயை மெதுவாகத் திறந்தாள், நூல்போல. முழுதாகத் திறக்கக் கை வரவில்லை.

பின்னால் ஊன்றுகோல் சத்தம். வாசலில் வந்து நின்றது.

நிலையில் ஒரு தட்டு.

அவள் திரும்பினாள்.

வியாபாரி முகம். ஒரு கண் பாதி மூடியிருந்தது. ஒரு கன்னம் தொங்கியது. இப்போது அந்த முகத்துக்கு அவர் பாதி வேலை செய்தால் போதுமாயிருந்தது. மீதிப் பாதி எப்போதும் அங்கேயே இருந்தது. அவர் காத்திருந்தார். திறந்திருந்த அந்த ஒரு கண்ணில் பழைய குறும்பு முழுசாக இருந்தது. சிரி, சிரித்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொள் என்று காத்திருந்தார்.

அவள் சிரிக்கவில்லை. முதுகையும் திருப்பவில்லை.

"அன்னைக்கும் இப்படியேதான் நின்னீங்க," என்றாள்.

அவர் முகம் மெல்ல அவிழ்ந்தது. அவிழ முடிந்த பாதி.

"நான் பாத்தேங்க. எல்லார்கிட்டயும் பாக்கலைன்னு சொல்லிட்டுத் திரியறேன். பாத்தேன். விளையாட்டுக்குப் பண்றீங்கன்னு நெனச்சேன். நீங்க ஆன்னீங்க. அழுகுணி ஆட்டம்னு விரலை ஆட்டினேன். நீங்க தட்டினீங்க. தட்டறது கேக்கக் கூடாதுன்னு குழாயத் தொறந்து விட்டேன். அப்புறம்தான் துணி துவைக்கப் போனேன். அப்புறம்தான். அதுவும் ஜெயிச்சிட்டோம்னு ஆடி அசைஞ்சு துவைச்சேன். உங்க பக்கத்துல நடந்துதான் போனேன், குனிஞ்சு ஒரு தடவை மூஞ்சப் பாக்கல. உனக்கு எப்படித் தெரியும், உனக்கு எப்படித் தெரியும்னு எல்லாரும் கேக்குறாங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன், சொல்லுங்க? நான் வாசல்ல நின்ன உங்களைப் பாத்து சிரிச்சேங்க."

சொல்லி முடித்தபோது கோப்பை இன்னும் கையில் இருந்தது. தண்ணீர் விரல் வழியாகத் தரையில் சொட்டியது.

ஏலக்காரர் ஊன்றுகோலை நிலையில் சாய்த்து வைத்தார். ஒரு கையால் மேடையைப் பிடித்துப் பிடித்து அவளிடம் வந்தார். அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கினார். அவள் பிடி விடவில்லை. விரல் விரலாகப் பிரித்து வாங்கினார். மேடையின் மேல், அவளுக்கு நேர் எதிரே, அதைக் கவிழ்த்து வைத்தார்.

அவள் கோப்பையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முதலில் வாய் திறந்தவள் அவள்தான். ஆட்டத்துக்கு உரிய தீர்ப்பு அதுதான். அதற்கு மட்டும்தானா என்று அவர் முகத்தில் தேடினாள். ஒரு பாதி எதுவும் சொல்லாத பாதி. மறுபாதி உதட்டை இறுக்கிக்கொண்டு, விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றது.

சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது.

"பாத்திரத்த நானே கழுவுறேன். இன்னைக்கு மட்டுமில்ல, இனிமே எல்லா நாளும் நானே கழுவுறேன். ஊதினதும் தலையையாவது ஆட்டிச் சொல்லுங்க, அன்னைக்கு நான் சிரிச்சத நீங்க பாத்தீங்களா?"